இக்கரை ஜோடி

சட்டைக்குள் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. சேதுபதி அசையவில்லை.

முப்பது வருடம் உயிரியல் ஆசிரியர். ஓய்வுக்குப் பிறகு, சனிக்கிழமைதோறும் சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் குளத்தில் பறவை பார்க்க ஆட்களைக் கூட்டிப் போகும் வழிகாட்டி. புதருக்குள் அசையாமல் குந்தியிருப்பது அவருக்குப் பழக்கம்தான். ஆனால் இன்று தொலைநோக்கியில் தெரிந்தது பறவையல்ல. குளக்கரை பெஞ்சில் அவர் மனைவி பூவம்மா. பக்கத்தில் ஓர் ஆண்.

"தேக்கா மார்க்கெட்டுக்குப் போறேன்" என்று சனிக்கிழமை கிளம்புகிறவள் ஒரு கீரைக்கட்டுகூட இல்லாமல் திரும்புவதைப் போன வாரம்தான் கவனித்தார். அதனால் இன்று உதவியாளர் யாமினிக்குப் போன் போட்டு, வயிற்றுவலி என்று சொல்லி வேலையை ஒப்படைத்தார். யாமினி பொறுப்பான பெண். வாராவாரம் பிளாஸ்கில் இஞ்சி டீகூடக் கொண்டுவருவாள். பூவம்மாவிடம் வழக்கம்போல் "வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அடையாளமான வெள்ளைத் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்து, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தூண் மறைவில் நின்று, பின்தொடர்ந்தார்.

அவள் வந்து சேர்ந்தது அவருடைய சொந்தக் குளத்துக்கு, அவர் ஆட்களைக் கூட்டிப்போய் நிற்கும் அக்கரைக்கு நேர் எதிரே. அந்தத் துணிச்சல்தான் அவருக்குத் தாங்கவில்லை.

கை தானாக நோட்டை எடுத்தது.

'ஆண். முதிர்ந்தது. தலைமயிர் கன்னங்கரேல், இயற்கை நிறம்தானா என்பதில் ஐயம். தொப்பை உண்டு, என்னுடையதைவிடச் சிறியது. 8.10: ஆண் பையிலிருந்து இறால் வடை எடுத்து நீட்டியது. பெண் ஏற்றுக்கொண்டது. இரையூட்டல், இணைசேர்வதற்கான உறுதியான அறிகுறி. 8.14: பெண் சிரித்தது. வீட்டில் இந்த ஒலி கோவிட்டுக்கு முன்பு கேட்டது. இரண்டும் கழுத்தை நீட்டி நீட்டி அக்கரையைப் பார்க்கின்றன. பயம் இருக்கிறது, இருக்கட்டும். பெண்ணின் காலில் தீபாவளிக்கு நான் வாங்கிக்கொடுத்த செருப்பு.'

"அங்கிள், என்ன பறவை?"

முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள். தோளில் பீரங்கி மாதிரி கேமரா லென்ஸ். உமைர் என்று சட்டையில் எழுதியிருந்தது.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு சொன்னா ரொம்ப ரேர்னு அர்த்தம்லா."

"சும்மா கொக்குதாம்ப்பா."

"கொக்குக்கா அங்கிள் கண்ணு கலங்குது?"

ஆளைக் கிளப்பினால் போதுமென்று சேதுபதி வாய்க்கு வந்ததைச் சொன்னார். "செந்தலை மீன்கொத்தி. மூங்கில் பக்கம் பறந்துடுச்சு. போய்ப் பாரு."

உமைர் போகவில்லை. தன் படப்பிடிப்பு நண்பர்கள் குழுவுக்குச் செய்தி அனுப்பினான். பத்து நிமிடத்தில் புதரைச் சுற்றிப் பதினான்கு லென்ஸ், ஒன்பது முக்காலி.

"எங்க?" "எங்க?" என்று நாலாபுறமும் கிசுகிசுப்பு.

"மூங்கில் பக்கம்" என்றார் சேதுபதி. மூங்கில் இருந்தது இதே கரையில், பெஞ்சுக்கு எதிர்த்திசையில். பதினான்கு லென்ஸும் திரும்பின. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

அக்கரை சரியாகத் தெரியவில்லையோ என்னவோ, பூவம்மாவும் அந்த ஆளும் எழுந்து நேராக மூங்கிலை நோக்கி நடந்தார்கள். பதினான்கு லென்ஸுக்கும் நட்டநடுவில் போய் நின்றார்கள்.

"யாரு அந்த ஜோடி? மறைக்குது" என்றது ஒரு குரல்.

ஜோடி என்ற சொல் எறும்பைவிட ஆழமாகக் கடித்தது. சேதுபதி புதரைக் கிழித்துக்கொண்டு எழுந்தார்.

"யாரும் படம் எடுக்காதீங்க. அது என் பொண்டாட்டி."

பதினான்கு லென்ஸும் அவர் பக்கம் திரும்பின.

பூவம்மா திரும்பினாள். தலையில் இலையும் கையில் நோட்டுமாக நின்றவரை மேலும் கீழும் பார்த்தாள். "வயித்துவலின்னீங்களாம். இங்க என்ன பண்றீங்க?"

"வயித்துவலின்னு உங்கிட்ட நான் சொல்லவே இல்லையே. யாரு சொன்னா?"

பூவம்மா பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்தாள். அந்த ஆள் வடைப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"அதை விடு. முதல்ல இவரு யாரு, அதைச் சொல்லு." குரல் உடைந்துவிட்டது. முகத்தை மறைக்க வேறு வழி தெரியாமல், பையிலிருந்து வெள்ளைத் தொப்பியை எடுத்துப் புருவம்வரை இழுத்து மாட்டிக்கொண்டார்.

உமைர் லென்ஸைக் கீழே இறக்கினான்.

"அட, அந்தத் தொப்பி அங்கிள் நீங்கதானா? ஏழு வாரமா ஆண்ட்டியும் யாமினி மேடம் வீட்டுக்காரரும் இந்த பெஞ்சுல உக்காந்து, அக்கரையில இஞ்சி டீ குடிக்கிற உங்க ஜோடியைத்தானே பார்த்துக்கிட்டிருக்காங்க."