நீலக் குண்டுகளும் கை நனையாதவரும்

உலகத்தில் கழுவுகிறவர்கள் உண்டு, கழுவாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் இருக்கிறது. அது கழுவச் சொல்லிக்கொடுக்கிற இனம்.

அந்த இனத்தவருக்குக் கை நனையாதவர் என்று பெயர் வைத்திருக்கிறேன். பினாங்கில் இவருக்குப் பஞ்சமே இல்லை. பிள்ளை பெற்ற வீட்டின் வாசற்படியில் நின்றபடியே குழந்தையைக் குளிப்பாட்டும் முறையை விளக்குவார். படுக்கையோடு கிடக்கும் நோயாளியைப் புரட்ட நான்கு பேர் மூச்சு வாங்கும்போது ஐந்தாவதாக ஒரு கை கொடுக்காமல், "இடப்பக்கமாத் திருப்பணும்" என்பார். சந்தையில் அடுத்தவர் வாங்கிய மீனுக்குச் செதில் சீவும் விதத்தைச் சொல்வார். இத்தனைக்கும் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் கட்டியே இருக்கும். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு துளி படாது. எப்படிப் படும்?

முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக, இந்த ஊர் வழக்கில் மிஸ்ஸியாக, நோயாளிகளைப் பார்த்துவிட்டு, ஜெலுத்தோங்கில் ஒரு பொடி ஆலைக்குப் பொட்டலம் கட்டுவதை மேற்பார்க்கப் போனபோதுதான், இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரைக் கண்டேன். அவர் ஆலையில் கணக்கெழுதும் கிராணி, பாக்கியநாதன்.

ஆலை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். உள்ளே பீங்கான் பதித்த ஒரு பீப்பாய். அதற்குள் பெரிய நெல்லிக்காய் அளவில் சில நூறு பீங்கான் குண்டுகள். கட்டியைப் போட்டுப் பீப்பாயைச் சுழற்றினால் குண்டுகள் உருண்டு உருண்டு மாவாக்கிவிடும். அதுவரை அரைத்தது துணிக்குப் போடும் நீலம்; குண்டுகளிலும் அதே நீலம் ஏறிக் கிடந்தது. ரப்பர் விலை விழுந்த வருஷம் நீலமும் விற்கவில்லை. முதலாளி நாகூர் மீரான் வேர்க்குருவுக்குப் போடும் வெள்ளைப் பொடி அரைக்க ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். சனிக்கிழமை மாலை வெள்ளோட்டம். பொடியில் நீலம் தட்டினால் கழுவுகிற ஆளை மாற்றுவேன் என்றார்.

கழுவுகிற ஆள் வடிவம்மாள். நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவள். இந்த வேலையும் போனால், இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் கப்பலில்தான் பெயர் கொடுக்க வேண்டும். அந்தக் கரையில் அவளை இறக்கிக்கொள்ள ஒருவரும் இல்லை.

"புளி போட்டுத் தேய், வடிவு," என்றார் கிராணி திங்கட்கிழமை, மூன்றடி தள்ளி நின்று. "மாதா கோயில் மெழுகுத்திரிக் காலெல்லாம் எங்கம்மா புளியாலதான் தேய்ப்பாங்க. தங்கமா மின்னும்."

"அது பித்தளைங்க. இது பீங்கானு."

"எல்லாம் அழுக்குதானே லா."

இரண்டு நாள் தேய்த்தாள். நீலம் அசையவில்லை; அவள் விரல் நுனிகள்தான் வெடித்தன. "நான் சொன்ன மாதிரி தேய்க்கல," என்றார் கிராணி. இந்த இனத்தின் வேதவாக்கு இது. மருந்து பலிக்காவிட்டால் நோயாளி விழுங்கிய விதம் தவறு. புதன்கிழமை சாம்பல், வியாழக்கிழமை தேங்காய் நார். ஒவ்வொன்றுக்கும் அவருடைய அம்மாவே சாட்சி.

வெள்ளிக்கிழமை வடிவம்மாளின் விரல்களுக்குக் கட்டுப் போடும்போது எனக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் நினைவுக்கு வந்தன. சோப்பைச் சரியாக அலசாமல் இதே நீலத்தில் முக்கினால் விரிப்பில் துருக்கறை விழும். எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கிறோம். அப்படியென்றால் சோப்பில் இருக்கும் சோடா இந்த நீலத்தை உடைக்கிறது, மிஞ்சுவது துரு. சலவைச் சோடாவைக் கொதிநீரில் கரைத்து, மணலோடு பீப்பாயில் ஊற்றி, சாயங்காலம் வரை சுழல விட்டோம்.

சனிக்கிழமை காலையில் திறந்தோம். நீலம் போயிருந்தது. குண்டுகள் எல்லாம் வெற்றிலை போட்ட பல் மாதிரி பழுப்பாக இருந்தன.

கிராணி மூன்றடி தூரத்தை ஆறடி ஆக்கினார். "பாழாப் போச்சு. மிஸ்ஸி, நீங்க ஆஸ்பத்திரியிலயே இருந்திருக்கலாம். வடிவு, நீ துணிமணிய எடுத்து வச்சுக்க."

வடிவம்மாள் எழுந்திருக்கவில்லை. "சாயங்காலம் வரைக்கும் இது என் வேலைதானே," என்றாள். "மிஸ்ஸி, துருவுக்கு என்ன போடுவீங்க?"

"புளிப்பு எதுவானாலும் சரி."

"கிராணியோட புளி அரை மூட்டை கெடக்கு."

புளித்தண்ணீரை ஊற்றி மறுபடி சுழற்றினோம். வடித்தபோது தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. நான்கு முறை அலசி, மிச்சக் கறையை இழுத்துக்கொள்ளச் சுண்ணாம்புக் கட்டியை ஒரு தடவை அரைத்து அதையும் கொட்டிவிட்டு, அதற்குப் பிறகே வெள்ளைப் பொடிக்கான கட்டியைப் போட்டு அரைத்தோம்.

நாகூர் மீரான் வந்தார். ஒரு சிட்டிகை எடுத்துத் தன் கறுப்புத் தொப்பியில் தேய்த்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை. "சுத்தமா இருக்கே. எதுல போச்சு?"

"புளிதான், முதலாளி," என்றார் பாக்கியநாதன். "நான் திங்கக்கிழமையே சொன்னேன்."

பொய் என்றும் சொல்ல முடியாது. இந்த இனத்தோடு பழகுவதில் உள்ள கஷ்டமே அதுதான்.

"ஆமா முதலாளி," என்றாள் வடிவம்மாள், கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு. "அவருதான் சொன்னாரு. அடுத்த வாரம் பச்சைச் சாயம் அரைக்கிறோம்ல, அது முடிஞ்சதும் அந்தக் குண்டை கிராணியே கழுவட்டும். நான் தள்ளி நின்னு சொல்லித் தரேன்."

முதலாளி அவள் கைகளைப் பார்த்தார். பிறகு கிராணியின் கால்சட்டையைப் பார்த்தார். "கழுவுறது வடிவு வேலை. எத போட்டுக் கழுவணும்கிறதும் இனிமே வடிவு வேலை. கிராணி, அவ கை ஆறுற வரைக்கும் நீங்க தண்ணி தூக்குங்க."

முதல் வாளியிலேயே கிராணியின் இரண்டு முழங்காலும் நனைந்துவிட்டன. வாளியை எந்தக் கையில் பிடித்தால் சிந்தாது என்று பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் விளக்கிக்கொண்டே நடந்தார்.

வாசகரே, நீங்கள் அந்த ரகம் இல்லை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். நீலம் போகவில்லை என்று படித்த இடத்தில், "எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டிருக்கலாமே" என்று மனதுக்குள் சொன்னீர்களா, இல்லையா? சொல்லியிருந்தால், உங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் இந்நேரம் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். எழுந்து போங்கள். போனதும் பேசாமல் ஒரு சட்டியை எடுங்கள்.