ஹூக்ளி நதியில் பாலினேசியா

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
புதன்கிழமை

சிரஞ்சீவி நடராஜனுக்கு அத்திம்பேர் வெங்கட்ராமன் அநேக ஆசீர்வாதம். இங்கே என் ரத்தக் கொதிப்பைத் தவிர மற்றவர்கள் சௌக்கியம். அங்கே உன் மூட்டுவலியைத் தவிர மற்றவர்கள் சௌக்கியம் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உன் அக்கா ஷியாமளா பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் கடிதம்.

விஷயம் உன் மருமாள், என் பெண் பிரியம்வதா. பேங்கில் ஆறு மாதம் லீவு போட்டுவிட்டு, ஹூக்ளியில் டூரிஸ்டுகளை ஏற்றிச் செல்லும் ஒரு படகில் நடன நிகழ்ச்சி நடத்துகிறாள். பரதநாட்டியம் என்றாலாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். படகு முதலாளி போஸ் பாபு, "அது எல்லா இடத்துலயும் இருக்கு தீதி, புதுசா ஏதாவது பண்ணுங்க" என்றாராம். இவள் பசிபிக் தீவு ஆட்டம் என்று "பாலினேசிய மாலை" ஆரம்பித்துவிட்டாள். முதல் நாள் பார்க்கப் போனேன். லேக் மார்க்கெட் மளிகைக்கடை இராஜமாணிக்கம், கோயில் தோரணம் கட்டுகிற கையோடு குருத்தோலையில் பாவாடை முடைந்து கொடுத்திருந்தார். ஆறு பெண்களும் பத்து வருஷம் பரதம் படித்தவர்கள், ஆகையால் பசிபிக் தீவுக்காரிகள் கண்ணை உருட்டித் தரையை மிதித்த மிதியில் முன்வரிசை மாமியின் டீ மடியில் கொட்டியது. அதற்கும் டூரிஸ்டுகள் கைதட்டினார்கள். போர்ட்டில் முப்பத்தாறு வருஷம், சரக்குப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டவனில்லை நான். "இதெல்லாம் அசல்தானா?" என்று கேட்டேன். "கொலுவில கிரிக்கெட் மைதானம் வச்சேளே அப்பா, அது எந்த சாஸ்திரம்?" என்கிறாள். பேச்சு வளர்ந்து கடைசியில் ஒரு பந்தயம். அந்தத் தீவுக்காரர் யாராவது வந்து பார்த்துப் போலி என்று சொன்னால், அவள் பேங்குக்குத் திரும்பிவிட வேண்டும்.

கல்கத்தாவில் பாலினேசியனுக்கு இவர் எங்கே போவார் என்று நினைத்திருக்கிறாள். கிடர்பூர் துறைமுகத்தில் எனக்குத் தெரியாத ஆளா? சரக்கு இறக்க வந்த கப்பலில் சமோவாத் தீவுக்காரர் ஒருவர் இருந்தார். சியோனே என்று பெயர், இரண்டாவது இன்ஜினியர், நம் வாசல் நிலையில் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். கையோடு படகுக்கு அழைத்துப் போனேன். ஆட்டம் முடிகிற வரை அவர் சிரிக்கவில்லை, அதுவே எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. பிறகு இங்கிலீஷில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "பாவாடை ஒரு தீவு, கொட்டு இன்னொரு தீவு, பாட்டு எந்தத் தீவும் இல்ல. முக்கால்வாசி போலி."

நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் குழந்தையின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் ஜெயித்த மாதிரியே இல்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மீதிக் கால்வாசி என்னன்னு சொல்லித் தருவேளா?" என்று அந்த மனிதரைக் கேட்டாள். அவர் அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டார். "நானே எங்க ஊர் ஹோட்டல்ல அஞ்சு வருஷம் டூரிஸ்டுக்கு ஆடினவன். அரைமணில அஞ்சு தீவைக் காட்டுவோம், நிறைய வெறும் காட்சிக்குத்தான். ஆனா அங்க ஆடப்போய்த்தான் என் தங்கச்சி பழைய ஆட்டமெல்லாம் கத்துக்கிட்டா, இப்ப பள்ளிக்கூடத்துல சொல்லித் தரா. எது காட்சிக்கு, எது எங்களோடதுன்னு மறைக்காம சொல்லிடணும், அவ்வளவுதான்" என்றார். கப்பல் நின்ற மூன்று நாளும் வந்து, உட்கார்ந்தபடி கைதட்டி ஆடும் சாசா என்ற ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். வலை வீசுவது, தேங்காய் துருவுவது எல்லாம் அதில் வருகிறது. தேங்காய் துருவலில் நம் பெண்கள் அவரையே திருத்தினார்கள்.

இப்போது பிரியம்வதா மைக்கைப் பிடித்து, "முதல் பகுதி நாங்களா கட்டினது, கடைசி பத்து நிமிஷம் சமோவாக்காரர் சொல்லிக் கொடுத்தது" என்று அறிவிக்கிறாள். ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று போஸ் பாபு பயந்தார். நடு ஆற்றில் எங்கே போவார்கள் என்று நான்தான் தேற்றினேன். ஆனால் கடைசி பத்து நிமிஷம் அத்தனை பேரும் சேர்ந்து தாளம் போட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இருந்தாலும் வாக்கு வாக்குதான். மாதக் கடைசிக்குள் பேங்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தாய்மாமன் பேச்சை அவள் தட்டமாட்டாள். அதனால் நீ ஒரு தரம் கிளம்பி வா; ஹவுரா ஸ்டேஷனில் இறங்கியதும் போன் செய், அழைத்துப்போக வருகிறேன். நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லி அவளைப் பேங்கில் உட்கார வைத்துவிட்டுப் போ. உன் வீட்டில் எல்லோருக்கும் பகவான் தீர்க்காயுசையும், சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகளையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
அத்திம்பேர் வெங்கட்ராமன்

பின்குறிப்பு: தபாலாபீஸ் கவுண்ட்டரில் நின்று இதை எழுதுகிறேன். கிளம்பும்போது பிரியம்வதா இன்னொரு கவரைக் கையில் கொடுத்தாள். வேலைக்குத் திரும்புகிறேன் என்று பேங்குக்கு எழுதியது. "வாக்குக் கொடுத்துட்டேனே அப்பா, ரெண்டையும் சேர்த்தே ஸ்பீட் போஸ்ட்ல போட்டுடுங்கோ" என்றாள். உன்னுடையதை மட்டும் அனுப்புகிறேன். அவளுடையதை இப்போதுதான் கிழித்துப் போட்டேன். நீ அவசியம் வா. அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டாம், எனக்குத் தைரியம் சொல்லு. கிழித்ததை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.