மதம் வந்தால் கோயிலுக்கு

ஒரு காட்டில், ராஜாவாக இருந்த சிங்கத்துக்குப் பல்லெல்லாம் கொட்டிப்போனதால் குடியாட்சி வந்தது.

சிங்கம் எதையும் தன் இஷ்டத்துக்குச் செய்ததில்லை. ஆலமரத்தடிக் கோயில் பூசாரியான ஓணானைக் கேட்டுத்தான் செய்யும். "சாமி, இந்த மானைத் தின்னலாமா?" ஓணான் தலையை ஆட்டும். எதைக் கேட்டாலும் ஆட்டும். அதன் கழுத்து அப்படி. தெய்வமே சம்மதித்த பிறகு மான் என்ன பேச முடியும்?

ஆகவே, புது நாட்டுக்குச் சட்டம் எழுத உட்கார்ந்த முள்ளம்பன்றி அங்கயற்கண்ணி, முதல் வரியை இப்படி எழுதினாள்: "அரசில் மதம் கூடாது. மதம் கோயிலோடு இருக்கட்டும்."

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். முதல் தலைவராகத் தேர்வாகியிருந்த யானை மருதப்பன் மட்டும் தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டார்.

மருதப்பன் பரம சாது. ஆனால் வருஷா வருஷம் கோடையில் அவருக்கு மதம் பிடிக்கும். கன்னத்தில் நீர் வழியும். எதிரே நிற்பது மரமா மாமனாரா என்று தெரியாது. 'நம்மைத்தான் குத்திக்காட்டுகிறார்கள். பதவி வந்த வேகத்தில் போய்விடுமே!'

அங்கயற்கண்ணியைத் தனியாகப் போய்ப் பார்த்தார்.

"அம்மா... எனக்குக் கொஞ்சம் மதம் உண்டு."

"இருந்துட்டுப் போகட்டுமே அண்ணே. யாருக்குத்தான் இல்ல?"

"உங்களுக்குமா?"

"வெள்ளிக்கிழமை மட்டும்."

இத்தனை சின்ன உடம்பிலா என்று மருதப்பன் வியந்தார்.

"அப்போ என் பதவி?"

"அது எங்கேயும் போகாது. மதம் வந்தா நேரா கோயிலுக்குப் போயிடுங்க. அங்க எப்படி வேணும்னாலும் ஆடுங்க. முடிஞ்சதும் குளிச்சுட்டு ஆபீசுக்கு வாங்க. சட்டம் அவ்வளவுதான்."

இவ்வளவு கருணையான சட்டமா! மருதப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சட்டத்தில் கையெழுத்திட வேண்டிய வாரம் வந்தது. நல்ல காரியம் ராகுகாலத்தில் அமைந்துவிடக் கூடாதே என்று அமைச்சர்கள் நரியும் கரடியும் மாலையோடு கோயிலுக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை ஆனதால் அங்கயற்கண்ணியும் அங்கே இருந்தாள். சட்டத்தைச் சாமி காலடியில் வைத்து எடுத்தார்கள்.

"சாமி, அரசையும் மதத்தையும் பிரிச்சுடலாமா?" என்றது கரடி.

ஓணான் தலையை ஆட்டியது.

"பிரிச்ச பிறகும் எல்லாத்தையும் உங்களைக் கேட்டே செய்யலாமா?" என்றது நரி.

அதற்கும் ஆட்டியது.

அந்நேரம் பார்த்து, ஆபீசில் இருந்த மருதப்பனின் கன்னத்தில் நீர் வழிந்தது. "சட்டம்... சட்டம்..." என்று முனகிக்கொண்டு, வழியில் ஒரு செடியைக்கூட மிதிக்காமல், மூச்சைப் பிடித்தபடி கோயிலுக்கு ஓடினார். உள்ளே நுழைந்ததும் நிம்மதியாகத் தன்னை அவிழ்த்து விட்டார்.

பந்தல் பறந்தது. மாலை கரடியின் காதில் தொங்கியது. நரி ஆலமரத்தின் உச்சியில் இருந்தது. எப்படி ஏறியது என்று அதற்கே தெரியாது. அங்கயற்கண்ணி சட்டத்தோடு புதருக்குள் உருண்டாள். கல்லாகிய சாமி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

குளித்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு மருதப்பன் ஆபீசுக்கு வந்தார்.

"கோயிலுக்குப் போயிருந்தேன். கண்ணே தெரியல. நம்ம ஆட்கள் யாராவது அங்கே இருந்தீங்களா?"

"ஐயோ, அங்க எங்களுக்கு என்ன வேலை தலைவரே!" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில், காயங்களைத் தடவிக்கொண்டே.

அன்று முதல் அரசாங்கத்தார் ஒருவரும் கோயில் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. மருதப்பன் தலைவராகவே நீடித்தார்.

நீதி: சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அதில் சந்து கண்டுபிடிப்பார்கள். அதைக் காப்பாற்ற, தப்பாகப் புரிந்துகொண்ட ஒருவர் வேண்டும். அவர் யானையாக இருப்பது நல்லது.