பத்தாயிரம் செம்மண் கைகள்

மதிலாபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே செய்தி என்றால் கோட்டைச் சுவர்தான். யார் வேண்டுமானாலும் எழுதலாம். பிடித்தவர்கள் உள்ளங்கையைச் செம்மண் குழம்பில் தோய்த்துப் பக்கத்தில் பதிப்பார்கள். எது மெய், எது பொய் என்று குடிமக்கள் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாமே என்ற கருணையில், செய்தி மந்திரி ஆலவாயர் ஒரு சட்டம் போட்டார்: ஆயிரம் கை விழுந்தால் மெய், மற்றதெல்லாம் பொய். அதன்பிறகு, பாவம், யாரும் செய்தியைப் படிக்கவில்லை. கைகளைத்தான் எண்ணினார்கள்.

ஒரு நாள், கீழைக்குளத்துத் தண்ணீரைக் குடித்தால் பிரசவம் சுகமாகும் என்று சுவரில் எழுதியிருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. மாலைக்குள் பத்தாயிரம் கை. குளத்தங்கரையில் மந்திரியின் மைத்துனர் நடத்திய சாயப்பட்டறையைப் பற்றி மட்டும் எவரும் எழுதியதில்லை.

சுவருக்கு வெள்ளையடிக்கும் வேம்பாயியின் மகள் செங்கமலத்துக்கு அது ஏழாம் மாதம். குடம் குடமாகக் கொண்டுவந்து குடித்தாள். வயிறு கெட்டுச் சுருண்டு கிடந்தபோதும், தண்ணீர் வேலை செய்கிறது என்றே நினைத்தாள். அம்மா தடுத்தும் கேட்கவில்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று தவிப்பவள் எதைத்தான் நம்பமாட்டாள்?

வேம்பாயி சுவரருகே நின்று உற்றுப் பார்த்தாள். பாதிக்கு மேற்பட்ட கைகளில் மோதிர விரலின் நுனி இல்லை. எல்லாம் ஒரே ஆளின் கை. மந்திரியிடம் போய்ச் சொன்னாள்.

ஆலவாயர் நெடுநேரம் யோசித்தார். "கடுமையான புகார். இனி எவரும் விரலை விரித்துப் பதிக்கலாகாது. கையை மூடி முட்டியால்தான் பதிக்க வேண்டும். இந்தச் சந்தேகமே எழாது" என்றார்.

வேம்பாயி நேரே குளத்துக்கு நடந்தாள். திரும்பி வந்து சுவரின் மூலையில் எழுதினாள்: "இன்று காலை கீழைக்குளத்தில் ஒன்பது மீன் செத்து மிதந்ததை நானே பார்த்தேன். என் பெயர் வேம்பாயி. வீடு சுண்ணாம்புக் காளவாய்க்குப் பின்னால். நீங்களும் போய்ப் பாருங்கள்."

ஒரு முட்டிகூட விழவில்லை. சட்டப்படி அது பொய். பொய்யை அழிப்பது அவள் வேலை. தன் எழுத்தின்மேல் தானே சுண்ணாம்பு பூசியபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அரண்மனை வைத்தியரின் ஆள் வீடு தேடி வந்தான். அழிக்கும் முன்பே அரண்மனையில் எல்லாவற்றையும் படியெடுத்துக்கொள்வார்களாம். எந்தக் கரை, தண்ணீர் என்ன நிறம் என்று துருவித் துருவிக் கேட்டான். போகும்போது குரலைத் தாழ்த்தினான். "ராசாவுக்கு நேத்துலேருந்து மலையூத்துத் தண்ணிதான். வெளிய சொல்லிடாதீங்கம்மா."

உள்ளே படுத்திருந்த செங்கமலம் எழுந்து உட்கார்ந்தாள்.

"பத்தாயிரம் கைய ராசாவே நம்பலியாம்மா?"

"நம்பலடி. பேரு போட்டு எழுதுனவளத் தேடி வந்து கேக்குறாங்க."

செங்கமலம் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே போய், குடத்தை வாசலில் கவிழ்த்தாள். ஏன் என்று கேட்ட அடுத்த வீட்டுக்காரியிடம் காரணத்தையும் மறைக்கவில்லை.

அந்த வாரம் ஊரே ஒவ்வொருவராகக் குளத்துக்குப் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு வந்தது. சுவர்ப் பக்கம் யாரும் போகவில்லை. சுவரில் ஒரு முட்டியும் விழாததால் குளத்தை எவரும் பார்க்கவில்லை என்று ஆலவாயர் அறிக்கை எழுதினார். மன்னர் மலையூற்றுத் தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு அந்த அறிக்கையில் கையெழுத்திட்டார்.