சயின்ஸ் தவலையில் மிதந்த முட்டை

அந்த வருஷம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோது, நீடாமங்கலம் வட்டாரமே துக்க வீடாகிவிட்டது. கணக்குப் பேப்பர் பிள்ளைகளைப் போட்டு மிதித்திருந்தது. தேறியவர்களில் பாதிப் பேர் நாற்பதை ஒட்டி நின்றார்கள். பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுப்பது? பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்கலாம். கேட்டார்களா? ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து நெல் ஆலைக் களத்துக்கு ஓடினார்கள். அங்கேதான் நெல்முத்துச் சித்தர் எழுந்தருளியிருந்தார்.

ஆகா, அந்தக் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! குத்தகைத் தகராறில் கோர்ட்டுக்கு அலையும் மிராசுதாரும் அவருடைய குத்தகைக்காரரும் ஒரே வரிசையில் நின்றார்கள். வாய்க்கால் தண்ணீருக்கு மண்வெட்டி தூக்கிய இரண்டு பங்காளிகள் ஒரே குடையில் நின்றார்கள். மேடைக்கு மேடை கறுப்புச் சட்டை போட்டுப் பேசும் ஒருவர், அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டையில் வந்து தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றார்.

சித்தருக்கு முன்னால் இரண்டு பித்தளைத் தவலைகள். ஒன்று சயின்ஸ் தவலை. இன்னொன்று மற்றப் படிப்புத் தவலை. இரண்டிலும் திருவையாற்றுத் தீர்த்தம் என்று பேச்சு. பிள்ளை தன் வீட்டு நெல்லை ஒரு பிடி சயின்ஸ் தவலையில் போட வேண்டும். நெல் முழுகினால் சரஸ்வதி சம்மதித்துவிட்டாள். மிதந்தால், மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளைச் சமாதானம் செய்ய இரண்டு மூட்டை நெல் கொடுத்துப் பரிகாரம் செய்ய வேண்டும். பரிகாரம் செய்தவர்களுக்கு மறுநாள் நெல் கட்டாயம் முழுகியது. சரஸ்வதிக்கு அவ்வளவு நெல் எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பஞ்சநாதனின் முறை வந்தது. மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர். மகள் மலர்கொடியைக் கையோடு கூட்டி வந்திருந்தார். பள்ளியில் விண்ணப்பம் கொடுக்க மறுநாள்தான் கடைசி நாள். அது அவர் சட்டைப் பையில், கையெழுத்துப் போடாமல் மடித்து இருந்தது.

"கணக்குல எத்தனை?" என்றார் சித்தர்.

"நாப்பத்தொண்ணுங்க சாமி" என்றார் பஞ்சநாதன், தானே தோற்றவரைப் போல.

"கணக்கு இல்லாத சயின்ஸ் குரூப் இருக்குங்க" என்றாள் மலர்கொடி. "பயிரு, பூச்சி எல்லாம் படிக்கலாம். எனக்கு அதுதான் வேணும். டீச்சரும் எடுக்கலாம்னு சொன்னாங்க."

"டீச்சர் என்ன வேணாலும் சொல்லுவாங்க. நெல்லு என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

நெல்லைப் போட்டாள். அத்தனையும் மிதந்தது. மற்றத் தவலையில் ஒரு பிடி போட்டாள். அது அடியில் போய் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா? தையல் குரூப்புதான் இவளுக்கு எழுதியிருக்கு. சயின்ஸ்தான் வேணும்னா ரெண்டு மூட்டை."

"வீட்டுல விதைநெல்லைத் தவிர ஒண்ணுமில்லீங்க சாமி." பஞ்சநாதன் விண்ணப்பத்தை எடுத்தார். "தையலுக்கே போட்டுடுறேன்."

மலர்கொடி தவலையை வெறித்துப் பார்த்தாள். மிதக்கிற நெல்லை எங்கேயோ பார்த்திருக்கிறோமே! களத்து ஓரத்தில் முட்டை விற்றுக்கொண்டிருந்த நூர்ஜஹானிடம் ஓடினாள்.

"அக்கா, ஒரு முட்டை குடுங்க. இப்பவே தந்துடுறேன்."

"பச்சை முட்டைடி, பாத்து!"

"முட்டையா? தீர்த்தத்துலயா? அபசாரம்!" என்று சித்தர் எழுந்திருப்பதற்குள் முட்டை மற்றத் தவலைக்குள் போய்விட்டது. கல்லாட்டம் அடியில் கிடந்தது. அதை எடுத்து சயின்ஸ் தவலையில் விட்டாள். ஜம்மென்று மிதந்தது.

"சாமி, முட்டைக்கும் சயின்ஸ் வராதுங்களா?"

யாரும் சிரிப்பதற்கு முன் பஞ்சநாதன் குனிந்தார். வருஷா வருஷம் செய்கிற வேலை; கை தானாகப் பழகியிருந்தது. முட்டையில் வெளியே தெரிந்த பாகத்தை விரலால் அளந்து சொன்னார்: "எட்டணாக் காசு அகலத்துக்கு மேலயே தெரியுது. உப்பு தாராளமா கரைஞ்சிருக்கு. இனிமே விதையைப் போட..."

நிறுத்திக்கொண்டார். வரிசையே தவலையை எட்டிப் பார்த்தது.

அங்கே நின்ற அத்தனை பேரும் விதைப்புக்கு முன் தண்ணீரில் உப்பைக் கரைத்து, முட்டையை மிதக்கவிட்டுப் பக்குவம் பார்த்து, நெல்லைக் கொட்டிப் பதர் பிரிக்கிறவர்கள். உப்பை இன்னும் அள்ளிப் போட்டால் நல்ல நெல்லும் மிதக்கும் என்பது கைக்குழந்தைக்கும் தெரிந்த ஊர். அந்த உப்புத் தண்ணீருக்குத்தான் பத்து நாளாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பஞ்சநாதன் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துத் துப்பினார். யாரோ சித்தர் உட்கார்ந்திருந்த புலித்தோலை இழுத்தார்கள். அடியில் அரை மூட்டை கல்லுப்பு.

"அடப்பாவி, உப்பு மூட்டை வந்து இறங்கினப்ப அன்னதானத்துக்குன்னுல்ல நெனச்சேன்!" என்றாள் நூர்ஜஹான். "உத்துப் பாத்தா, இவன் நம்ம செல்லதுரை! வேதாரண்யத்து உப்பளத்துல வேலை பாத்தவன். நானும் தாடியைப் பாத்து ஏமாந்துட்டேனே!"

செல்லதுரை தாடியைப் பிடித்துக்கொண்டு ரயில் பாதை வழியே ஓடினான். வெள்ளைச் சட்டைக்காரர் தூணை விட்டு வெளியே வந்து, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மலர்கொடி முட்டையைத் துடைத்து நூர்ஜஹானிடம் திருப்பிக் கொடுத்தாள். பஞ்சநாதன் விண்ணப்பத்தை அவள் முதுகில் வைத்து, சயின்ஸ் குரூப்புக்கே கையெழுத்துப் போட்டார். "மன்னிச்சுக்கம்மா" என்றார்.

மூட்டை கொடுத்தவர்கள் மூட்டையைத் தேடினார்கள். இரண்டு பேர் அந்த உப்புத் தண்ணீர் யாருக்கு என்று சண்டை போட்டார்கள். விதைப்புக் காலம் வருகிறதாம்!

ஐயா, அம்மா! விதைநெல்லை முட்டை போட்டுப் பரிசோதிக்காமல் நம்ப மாட்டீர்கள். பெற்ற பிள்ளையின் படிப்பை மட்டும் தாடி வைத்தவனிடம் விட்டுவிடுவீர்களா? அவனையும் கொஞ்சம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்!