வெள்ளிக்கிழமைச் சைவர்

பிறந்த நாள் தொட்டு மச்சம் மாமிசம் வாயில் வைக்காத மனிதர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள், வாசகரே. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நல்லாயிருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறோர் இனம். வெள்ளிக்கிழமை, சஷ்டி, திருவெம்பாவை, நல்லூர்த் திருவிழா என்று வந்துவிட்டால் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தோய்ந்து, திருநீறு பூசி, சைவச் சாப்பாட்டின் முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்து, முதல் வாய் தொண்டையால் இறங்க முன்னரே "அப்பிடியே இறைச்சி மாதிரி இருக்கு" என்று கண்ணை மூடுகிற இனம். வெள்ளிக்கிழமைச் சைவர் என்று வைத்துக்கொள்வோமே.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். பலாக்காய் என்றால் இறைச்சிச் சரக்குப் போட்டுத்தான் காய்ச்ச வேண்டும். வாழைப்பூ வடையைக் கடித்தால் மீன் கட்லட் ஞாபகம் வரவேண்டும். கத்தரிக்காய் பொரித்துக் குழம்பு வைத்தால், "இதுக்கு முன்னாலை கருவாடு பிச்சை எடுக்க வேணும்" என்பதுதான் அவர் தருகிற ஆகப் பெரிய பாராட்டு. ஒரு மரக்கறியை மரக்கறி என்பதற்காக அவர் மெச்சி எவரும் கேட்டதில்லை. புடலங்காய்தான் பாவம். அது ஆட்டைப் போலவும் இல்லை, மீனைப் போலவும் இல்லை. அதனால் அவர் வீட்டில் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது.

உடுப்பிட்டித் தம்பிஐயா இந்த இனத்தின் திலகம். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதம், சண்டை நின்று கடைகளுக்குச் சாமான் வரத் தொடங்கியிருந்த நேரம், அவருடைய ஒரே மகள் பத்மாசினிக்குக் கனடா மாப்பிள்ளை ஒருவர் பொருந்தி வந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் கந்தப்பு இணுவிலில் புகையிலைத் தோட்டம் செய்கிறவர். தரகர் ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார்: "சீதனத்தைப் பிறகு கதைக்கலாம். ஆனால் அவை சுத்த சைவம் கண்டியளோ. மச்சம் தின்னுற வீட்டிலை சம்பந்தம் வைக்க மாட்டினம்."

"எங்கடை வீட்டிலையும் அப்பிடித்தான்" என்றார் தம்பிஐயா, கண் இமைக்காமல். அன்று வெள்ளிக்கிழமை. ஆகவே அது முழுப் பொய்யும் அல்ல.

மாப்பிள்ளை கனடாவில்; தாயும் தகப்பனும் நல்லூர்க் கோயில் வீதியில் பெண் பார்த்தார்கள். பெண்ணைப் பிடித்துக்கொண்டது. பத்மாசினி தகப்பனின் தங்கையோடு வீடு திரும்பினாள். இனிச் சம்பந்திமாருக்கு ஒரு வாய் சாப்பாடு கொடுக்காமல் அனுப்பலாமா? வீட்டுக்குக் கூட்டிப்போனால் குசினிக்குள் கிடக்கிற மீன் சட்டி காட்டிக் கொடுத்துவிடும். "யாழ்ப்பாண ரவுணிலை புதுசா ஒரு சைவக்கடை திறந்திருக்கு அண்ணை" என்றார் தம்பிஐயா. "இந்தியச் சாப்பாடு, சைனாச் சாப்பாடு, இத்தாலிச் சாப்பாடு எல்லாம் இருக்காம். விலையும் மலிவாம்."

படியேறும்போது மனைவி பாலேஸ்வரி காதுக்குள் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, வாயைத் திறக்கிறது சாப்பிட மட்டும். அது மாதிரி, இது மாதிரி எண்டு ஒரு சொல்லு வரப்படாது. பிள்ளையின்ரை வாழ்க்கை."

"எனக்குத் தெரியாதோ?" என்றார் அவர்.

தெரியும். ஆனால் நாக்குக்குத் தெரிய வேண்டுமே. முதலில் காளான் சூப் வந்தது. ஒரு கரண்டி உள்ளே போனதும் ஆட்டெலும்பு ரசம் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "நல்ல சூடு" என்றார். கட்லட் வந்தது. "நல்ல வட்டம்" என்றார். இத்தாலி மக்கறோனி சாம்பாரோடு வந்தது. அது எந்தப் பிராணியையும் நினைவூட்டாதபடியால் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

எதிரே கந்தப்புவின் மனைவி அருமைநாயகி ஒவ்வொரு கோப்பையிலும் இருந்ததை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, பரிமாறுகிறவரிடம், "முட்டை கிட்டை போடேல்லைத்தானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கடை வளவுக்குள்ளை முட்டைக் கோதுகூட விழுந்ததில்லை" என்றார் கந்தப்பு.

"எங்கடை வளவிலையும் ஒரு கோழி நிண்டதில்லை" என்றார் தம்பிஐயா. மீன் சட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடைசியாகச் சைனா நூடில்ஸும், அதற்குத் தொட்டுக்கொள்ள, சோயா அவரையில் செய்த சோயாமீற் பிரட்டலும் வந்தன. மிளகும் பெருஞ்சீரகமும் ரம்பை இலையும் சேர்ந்து மணந்தன. வெங்காயம் கருகக் கருகப் பொரிந்திருந்தது. சண்டையால் எத்தனையோ மாதமாகச் சோயாமீற்றைக் கண்ணால் காணாத மனிதர் அவர். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். பல்லுக்குள் அது நார் நாராகப் பிரிந்தது.

"அம்மாளாணை, அப்பிடியே ஆட்டிறைச்சி மாதிரி இருக்கு."

பாலேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். தம்பிஐயா, "ஆக்கள் சொல்லிக் கேட்டது" என்று தொடங்கினார். ஆக்கள் சொன்னால் பல்லுக்கு எப்படித் தெரியும் என்று அவருக்கே பட, பாதியில் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன் கோயில் வீதியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற மகளை நினைத்தார். நாக்கை அடக்கத் தெரியாத தகப்பனுக்குப் பிறந்தது அவள் செய்த குற்றமா? வெட்கமும் துக்கமும் ஒன்றாக வந்து அவருக்கு அழுகை முட்டியது.

கந்தப்பு கையை உதறி, வாயைத் துடைத்து, மனைவியை ஒருதரம் பார்த்தார். பிறகு மேசைக்குக் குறுக்கே குனிந்து, பரிமாறுகிறவருக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"கடை இறைச்சி மாதிரியோ, பங்கு இறைச்சி மாதிரியோ?"

நாலைந்து வீடு சேர்ந்து ஒரு நல்ல கிடாயாகப் பார்த்து வாங்கி, விடிய அடித்து, எலும்பும் தசையும் ஈரலும் எல்லாருக்கும் சரிசமமாக வரப் பங்கு போட்டு, பனையோலைப் பறியில் வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மியில் கூட்டரைத்துக் காய்ச்சிய ருசி தெரியாதவர் வாயில் இந்தக் கேள்வி வராது.

"பங்கு" என்றார் தம்பிஐயா, மெல்ல.

அருமைநாயகி கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். "எனக்கும் அப்பிடித்தான் பட்டது. ஈரல்தான் இல்லாத குறை. நீங்கள் சுத்த சைவமெண்டு தரகர் சொன்னபடியால் இவ்வளவு நாளும் மீன் சட்டியைப் பரணிலை ஏத்தி வைச்சிருக்கிறன்."

இரண்டு வீட்டுக்கும் ஒரே பொய்யைச் சொன்ன தரகரை நால்வரும் மனதார வாழ்த்தினார்கள். இன்னொரு கோப்பை சோயாமீற் வந்தது. கலியாணப் பேச்சு அந்த மேசையிலேயே முற்றாயிற்று.

சிரியுங்கள், வாசகரே, தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்தக் கிடாயையும் ஈரலையும் நான் சொன்ன இடத்தில் மட்டும் நீங்கள் ஏன் அவ்வளவு மெதுவாக வாசித்தீர்கள்? வாயில் ஊறியதை விழுங்கிவிட்டு, இன்றைக்கு என்ன கிழமை என்று ஒருதரம் பாருங்கள்.