இருபத்திரண்டு ஈரப் புத்தகங்கள் விவகாரம்

அன்புத் தங்கை வெர்டெலுக்கு,

அண்ணன் ரோஸ்கோ எழுதுவது. என் வாசிப்பு வகுப்பை நீ ஒரு துண்டுக் காகிதத்தால் மூடியது அநியாயம். தலைமையாசிரியை ஆகிவிட்டால் கூடப்பிறந்தவனைக் கூப்பிட்டு நேரில் சொல்லக் கூடாதா? கதவில் ஒட்டுவதா? மற்றபடி உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலமில்லை, காரணம் நீ.

நடந்ததை ஒழுங்காகக் கேள். அந்த நூலகப் புத்தகங்கள் எதையும் நான் நனைக்கவில்லை. வகுப்பில் சரித்திரம்தான் சொன்னேன். எழுபத்தேழில் நம் பிராங்ஸ் பேட்டைத் தெரு விருந்துகளில் நான் இசைத்தட்டு சுழற்றியபோது, எது என்ன தட்டு என்று போட்டிக்குத் தட்டு சுழற்றும் எதிராளி எட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்று குளியல்தொட்டியில் ஊறப்போட்டு, பெயர் அச்சிட்ட லேபிளை உரித்துவிடுவோம். உனக்கு மறந்திருக்காது, குளிக்க முடியாமல் கதவைத் தட்டித் தட்டி அழுதவள் நீதானே. இதைச் சொன்னது குற்றமா? என் வகுப்புப் பிள்ளைகள் வாரம் ஒரு புத்தகம் படித்து, அதை வைத்துச் சொந்தமாக ராப் பாட்டுக் கட்டி, வெள்ளிக்கிழமை மைதானத்தில் பிரூயிட் வாத்தியார் வகுப்போடு மோத வேண்டும். அடுத்தவர் வரியைச் சுட்டால் அங்கேயே வெளியே. அது ஒன்றுதான் என் சட்டம். பிரூயிட்டின் பிள்ளைகளோ நாங்கள் படிக்கும் புத்தகத்தை வேவு பார்த்து, பதிலடியை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்தார்கள். மூன்று வாரம் தோற்றோம். நாலாவது வாரம் கழிவறைப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம். போய்ப் பார்த்தால் கைகழுவும் தொட்டியில் இருபத்திரண்டு நூலகப் புத்தகங்கள் மிதக்கின்றன. பெயர் போட்ட முதல் தாள்கள் குப்பைக்கூடையில். என் மாணவி கியோஷா முழங்கைவரை நனைந்து, அட்டையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்மா, என்ன பண்றே?"

"நீங்க சொன்னதுதான் சார். பேரு தெரிஞ்சாத்தானே வேவு பாப்பானுங்க?"

"அந்தத் தட்டு பிளாஸ்டிக்கும்மா! இது காகிதம்!"

"அதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

புத்தகங்கள் பாலில் விழுந்த சோளரொட்டி மாதிரி உப்பிவிட்டன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிறகு நடந்ததை உன் காகிதத்தில் ஏன் எழுதவில்லை? அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் காயப்போட்ட இருபத்திரண்டு பெயரில்லாப் புத்தகங்களில் அந்த வாரம் நாங்கள் பாட்டுக் கட்டும் புத்தகம் எது என்று கண்டுபிடிக்க, பிரூயிட்டின் பிள்ளைகள் ஒவ்வொன்றையும் படித்தே ஆக வேண்டியதாயிற்று. படித்தார்கள்! அந்த மனிதர் வராந்தாவில் என்னை மடக்கிக் கத்தினார்.

"யோவ் ரோஸ்கோ, கணக்கு நேரத்துல மேசைக்கு அடியில வச்சுப் படிக்கிறானுங்கய்யா! என்னய்யா பண்ணித் தொலைச்சே?"

"நான் என்னத்தப் பண்ணேன்? உன் ஆளுங்களுக்குத் தோக்கப் பயம்!"

வெர்டெல், நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவன். ஒரு தட்டில் மேளம் அடித்தது யார் என்று தெரிந்துகொள்ளும் வெறியில், அதன் உறையின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கக் கற்றேன். யாரும் சொல்லித்தரவில்லை. வாசிப்பு நல்லது என்று சுவரில் ஒட்டினால் எவனும் வாசிக்க மாட்டான். ஒளித்து வைத்தால் தேடி வந்து வாசிப்பான். இது விளங்க உனக்கு இரண்டு பட்டம் போதவில்லை.

ஆகவே, அந்தக் காகிதத்தை நீயே உன் கையால் கிழிக்க வேண்டும். கியோஷா நூலகரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நூலகர் அவளுக்கு இன்னொரு புத்தகம் கொடுக்க வேண்டும். பிரூயிட் பிள்ளைகளை வேவு பார்க்க விடக் கூடாது, படிக்க விட வேண்டும். துப்புரவுக்காரர் தொட்டியில் அடைத்திருக்கும் காகிதக்கூழை எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நீ நடுவராக வந்து உட்கார வேண்டும். நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

கடவுள் உன் முழங்காலையும் பிடிவாதத்தையும் சேர்த்தே குணமாக்கட்டும்.

அண்ணன்,
ரோஸ்கோ

பி.கு.: இருபத்துமூன்றாவதாக ஒரு புத்தகத்தைக் காணோம் என்று நூலகர் தேடுகிறாராம். அது என் வீட்டில் இருக்கிறது. பஸ்ஸில் பிரூயிட் எட்டிப் பார்த்தார் என்பதால் நான்தான் உரித்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்தே நிமிடம். மூன்றாவது வாரமே கியோஷாவிடம் காட்டியபோது அசந்துபோனாள். நேற்று அதை முடித்துவிட்டேன். இப்படி ஒரு புத்தகத்தை நான் படித்ததில்லை. எழுதிய ஆள் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று நூலகரிடம் கேட்டுச் சொல். பெயரைத்தான் உரித்துத் தொலைத்துவிட்டேன்.